கால் ஏக்கரில் மான்களுக்கு மக்காச்சோளம்: வளர்ப்பதைவிடக் காப்பதுதான் வேலை

மிச்சிகனில் லான்சிங்குக்கு வடக்கே ஏழு ஏக்கர் வாங்கியிருக்கிறீர்கள், பின்பக்கம் காட்டை ஒட்டிக் கால் ஏக்கர் புல்வெளி சும்மா கிடக்கிறது, குளிர்காலத்தில் மான்கள் வந்து தின்னட்டும் என்று அதில் மக்காச்சோளம் போட ஆசை. என்ன விதை, எப்போது விதைப்பது, எவ்வளவு உரம் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். கால் ஏக்கரில் மக்காச்சோளம் வளர்ப்பது கஷ்டமே இல்லை. வளர்ந்ததை டிசம்பர் வரை கதிரோடு நிற்க வைப்பதுதான் வேலை. காட்டோரத்தில் வேலி இல்லாமல் போட்டால் ஆகஸ்டு முடிவதற்குள் கதை முடிந்துவிடும்.

நான் போட்ட முதல் வருஷம் அப்படித்தான் ஆனது. பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் போடுகிற வீட்டில் பிறந்தவன், பயிர் எனக்குப் புதிது இல்லை, மண்ணும் நன்றாக இருந்தது, ஜூலையில் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. கதிர் பால் பிடிக்க ஆரம்பித்த வாரம் ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஓரத்தில் நாலு வரிசை தரையோடு சாய்ந்து கிடந்தது. ரக்கூன் என்கிற, இரவில் திரியும் மரமேறிப் பிராணியின் வேலை. அது தட்டையின் மேல் ஏறும், கனம் தாங்காமல் தட்டை ஒடியும், கதிரை உரித்து நாலு கடி கடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். மிச்சத்தை மான்கள் பார்த்துக்கொண்டன. செப்டம்பர் முதல் வாரத்தில் அங்கே நின்றது மொட்டைத் தட்டைகள்தான். பனி விழுந்தபோது மான்களுக்கு ஒரு கதிர்கூட இல்லை.

இதில் எனக்கு வருத்தம் பயிர் போனதற்காக இல்லை, தேவைப்படாத மாதத்தில் போனதற்காக. கோடையில் வெள்ளைவால் மானுக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது, காடு முழுக்கப் பச்சை, பக்கத்துச் சோயா வயலெல்லாம் இலை. அந்த மாதங்களில் கொம்பு வளர்வதற்கும் குட்டிக்குப் பால் கொடுப்பதற்கும் மானுக்கு வேண்டியது புரதம். மக்காச்சோள மணியில் புரதம் 8, 9 சதவீதம்தான், அதனால் கொம்பு பெரிதாக வளரட்டும் என்று சோளம் போடுவதில் அர்த்தமில்லை, அதற்குச் சோயாவும் குளோவர் என்கிற தீவனச் செடியும் இருக்கின்றன. சோளம் மாவுச்சத்து, குளிரைத் தாங்குவதற்கான விறகு. ஜனவரி, பிப்ரவரியில் பனி முழங்கால் அளவு கிடக்கும்போது தரையில் இருப்பதெல்லாம் மூடிப்போகும், நிற்கிற தட்டையில் இருக்கும் கதிர் மட்டும் மான் வாய்க்கு எட்டுகிற உயரத்தில் தொங்கும். மக்காச்சோளத்தின் பெருமையே அதுதான். ஆகஸ்டில் தின்னக் கொடுக்கத்தான் போகிறோம் என்றால் இவ்வளவு செலவும் உழைப்பும் வேண்டாம்.

சரி, கால் ஏக்கர் என்பது நம் கணக்கில் 25 சென்ட். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல விவசாயி இங்கே ஏக்கருக்கு 170, 180 புஷல் எடுப்பார், நாம் அவ்வளவு உரமும் மருந்தும் போடப்போவதில்லை, ஏக்கருக்கு 100 என்று வைத்துக்கொண்டால் உங்கள் இடத்தில் 25 புஷல். ஒரு புஷல் 56 பவுண்டு, ஆக மொத்தம் 1,400 பவுண்டு மணி. பத்து மான் தினமும் ஆளுக்கு 3, 4 பவுண்டு தின்றால் நாற்பது நாள் தாங்கும். பத்து மான் என்றால் நல்லது. முப்பது மான் வருகிற இடமென்றால் இரண்டு வாரம்கூட நிற்காது. ஆகவே விதை வாங்குவதற்கு முன்னால், இந்தக் குளிர்காலத்திலேயே மரத்தில் ஒரு டிரெயில் கேமராவை (எதிரில் அசைவு தெரிந்தால் தானே படமெடுப்பது) கட்டி எத்தனை மான் வருகிறது என்று பாருங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, பலர் இதை யோசிப்பதே இல்லை. உங்கள் எல்லையை ஒட்டி யாராவது சோளம் போடுகிறாரா? அறுவடையின்போது காட்டோரத்தில் நாலு வரிசையை அறுக்காமல் விட்டுவிடச் சொல்லிக் காசு கொடுத்துவிடலாம். 30 அங்குல இடைவெளியில் 1,000 அடி நீளத்துக்கு நாலு வரிசை என்பது கிட்டத்தட்ட 23 சென்ட், உங்கள் மொத்த இடத்தின் அளவுதான். அதில் 40 புஷல் இருக்கும், புஷல் 4 டாலர் என்றால் 160 டாலர். நீங்களே போட்டால் விதை, உரம், வேலி எல்லாம் சேர்த்து முதல் வருஷம் அதைப்போல மூன்று மடங்கு ஆகும். மண்ணில் கை வைக்கும் ஆசைக்கு இது பதில் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் மானுக்குச் சாப்பாடு என்பது மட்டும்தான் நோக்கம் என்றால், போய்க் கதவைத் தட்டிக் கேளுங்கள்.

சட்டம் பற்றி. மான்களிடையே பரவும் குரோனிக் வேஸ்டிங் நோய் 2015இல் மிச்சிகனில் காட்டு மான் ஒன்றில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது, அதுவும் உங்கள் பக்கம், இங்கம் கவுண்டியில். அதையொட்டி 2019 ஜனவரி இறுதியில், லான்சிங் இருக்கும் கீழ்த் தீபகற்பம் (மாநிலத்தின் தெற்குப் பகுதி) முழுவதும் மானுக்குத் தீனி கொட்டுவதற்குத் தடை கொண்டுவந்தார்கள். மூட்டைச் சோளம் வாங்கிக் குவித்து வைப்பதுதான் தடைக்குள் வருவது, நிலத்தில் விதைத்து வளர்ந்து நிற்கும் பயிர் அதில் சேராது. விதிகள் மாறக்கூடியவை, ஒவ்வொரு வருஷமும் மாநில இயற்கை வளத் துறை வெளியிடும் வேட்டை விதித் தொகுப்பைப் பார்த்துவிடுங்கள். வாத்து வேட்டைக்காரர் யாராவது உங்கள் இடத்தைக் கேட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள்: நிற்கிற சோளத்தை அறுவடை செய்யாமல் மெஷின் விட்டுச் சாய்த்துவிட்டு அங்கே வாத்து சுடுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், கொட்டுவதை நானே விரும்புவதில்லை. மான் அசைபோடும் பிராணி. குளிர்காலம் முழுக்கக் குச்சியும் மொட்டும் தின்று பழகிய வயிற்றில் திடீரென்று ஒரு நாள் சோளம் நிறைய விழுந்தால் இரைப்பையில் அமிலம் ஏறிவிடும். அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்கு மாற இரண்டு மூன்று வாரம் வேண்டும். அதற்குள் மான் வயிறு நிறையச் சோளத்தோடு செத்துக் கிடக்கும், இரக்கப்பட்டுப் பிப்ரவரியில் மூட்டையைப் பிரித்துக் கொட்டியவருக்கு என்ன நடந்தது என்றே புரியாது. வேலி எடுக்கும் தேதியைப் பற்றிக் கீழே சொல்லும்போது இது மறுபடி வரும்.

இப்போது நிலம். புல்வெளி என்கிறீர்கள், அதனால் இந்த வருஷம் செப்டம்பரிலேயே ஆரம்பியுங்கள், அடுத்த மே மாதம் விதைக்கலாம். செப்டம்பரில் கிளைபோசேட் அடித்துப் புல்லைக் கொன்றுவிடுங்கள், வசந்தத்தில் புல்லோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. அதே சமயம் மண் பரிசோதனை. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவில் அதற்கான உறை கிடைக்கும், மண்ணை அனுப்பினால் எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு உரம் என்று எழுதியே அனுப்புவார்கள். மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 6க்கும் 6.8க்கும் நடுவில் இருக்க வேண்டும், எண் குறைந்தால் புளிப்பு அதிகம். காட்டோர மண் பெரும்பாலும் புளித்த மண்தான். சுண்ணாம்பு வேலை செய்ய ஆறு மாதமாவது வேண்டும் என்பதால் இலையுதிர்காலத்திலேயே போட்டுவிடுங்கள். பிஎச் 5.3 இருக்கும் மண்ணில் உரத்தைக் கொட்டினால் பாதி வீண்.

விதை: தீவன ரகம் வாங்குங்கள், ஸ்வீட் கார்ன் வேண்டாம். ஸ்வீட் கார்ன் மணி சுருங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், தட்டையும் நிற்காது. லான்சிங் பக்கம் 95 முதல் 100 நாள் ரகம் போதும். கடைக்காரரிடம் விளைச்சலைக் கேட்காதீர்கள், தட்டை சாயாமல் எவ்வளவு நாள் நிற்கும் என்று கேளுங்கள், நமக்கு வேண்டியது அதுதான். மூட்டையில் 80,000 விதை இருக்கும், உங்களுக்குத் தேவை ஆறாயிரத்துக்குக் கீழே, முழு மூட்டை 200 டாலரைத் தாண்டும். நாலு பேர் சேர்ந்து பிரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து விவசாயியிடம் விதைத்து மிஞ்சியதைக் கேளுங்கள், போன வருஷ விதையாக இருந்தாலும் உலர்ந்த இடத்தில் வைத்திருந்தால் நன்றாகவே முளைக்கும். மருந்து பூசிய விதை சிவப்பாகவோ பச்சையாகவோ இருக்கும், வெறும் கையால் தொடாதீர்கள், கீழே சிந்தியதை மண் போட்டு மூடிவிடுங்கள், பறவைகளுக்கு அது விஷம்.

இரண்டு அங்குல ஆழத்தில் மண் 50 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டு நாலைந்து நாள் அப்படியே இருந்தால் விதைக்கலாம், உங்கள் ஊரில் மே முதல், இரண்டாம் வாரம். காலண்டரைவிட இறைச்சி வெப்பமானி நம்பகமானது, காலை எட்டு மணிக்கு மண்ணில் குத்திப் பாருங்கள். ஆழம் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம், வரிசைக்கு வரிசை 30 அங்குலம், விதைக்கு விதை 9 அங்குலம். அது ஏக்கருக்கு 23,000 செடி. விவசாயி முப்பதாயிரத்துக்கு மேல் போடுவார், நாம் குறைவாகப் போட்டால் தட்டை தடிமனாகும், பனியில் நிற்கும். நீளமாக இரண்டு வரிசை போடாதீர்கள், சதுரமாகப் போடுங்கள். கதிரின் நுனியில் தொங்கும் ஒவ்வொரு நூலும் ஒரு மணிக்கு உரியது, மேலே கொண்டையிலிருந்து காற்றில் விழும் மகரந்தம் அந்த நூலில் பட்டால்தான் மணி பிடிக்கும். ஒற்றை, இரட்டை வரிசையில் மகரந்தம் காற்றோடு போய்விடும், கதிர் பொக்கையாக நிற்கும். 25 சென்ட் என்பது பக்கத்துக்கு 104 அடி சதுரம், 40 வரிசை வரும். கையால் தள்ளும் விதைப்பான் வைத்து ஒரே நாளில் போட்டுவிடலாம்.

உரத்துக்கு மண் பரிசோதனைத் தாள் சொல்வதே கணக்கு, அது இல்லாத பட்சத்தில் நான் இந்த அளவு இடத்துக்குப் போடுவது விதைக்கும்போது 19-19-19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் 19 சதவீதம் உள்ள உரம்) ஒரு 50 பவுண்டு மூட்டை, அப்புறம் செடி முழங்கால் உயரம் வரும்போது யூரியா 50 பவுண்டு. யூரியாவை மழைக்கு முந்தின நாள் போடுங்கள், வெயிலில் போட்டுவிட்டு ஒரு வாரம் மழை இல்லையென்றால் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். குருத்துக்குள் விழாமல் வரிசைக்கு நடுவில் தூவுங்கள், விழுந்தால் இலை கருகும்.

களை விஷயத்தில் முதல் ஐந்து ஆறு வாரம்தான் முக்கியம். அதற்குள் களை முந்திவிட்டால் அப்புறம் எடுத்தும் பயனில்லை, செடி தலைக்கு மேல் போய்விட்டால் நிழலே களையைப் பார்த்துக்கொள்ளும். கிளைபோசேட் தாங்கும் ரகம் என்றால் செடி ஒரு அடி உயரம் இருக்கும்போது ஒருமுறை அடித்தால் போதும். அட்ரசின் அடியுங்கள் என்று யாராவது சொல்வார்கள். அது உரிமம் உள்ளவர் மட்டும் வாங்கக்கூடிய மருந்து, மண்ணிலும் தங்கிவிடும், அடுத்து அதே இடத்தில் குளோவரோ டர்னிப்போ போட்டால் முளைத்ததும் கருகும். 25 சென்டுக்கு அது வேண்டாம்.

இனி வேலி. விதைத்த அன்றே, முளை வெளியே வருவதற்கு முன்னால் போட்டுவிட வேண்டும். ருசி கண்ட மானை அப்புறம் தடுப்பது ரொம்பக் கஷ்டம். எட்டடி வேலி தேவையில்லை. மானுக்கு உயரம் தாண்டத் தெரியும், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் இரண்டு தடுப்புகளின் தூரத்தைக் கணிப்பதில் அது தடுமாறும். அதனால் வெளியே ஒரே ஒரு மின்கம்பி 18 அங்குல உயரத்தில், அதிலிருந்து 3 அடி உள்ளே இன்னொரு வரிசை, அதில் 10 அங்குலத்தில் ஒன்றும் 24 அங்குலத்தில் ஒன்றும். உங்கள் சதுரத்துக்கு மொத்தம் 1,300 அடி பாலிகம்பி (உலோக இழை கலந்த பிளாஸ்டிக் கயிறு) பிடிக்கும், கூடச் சூரிய ஒளியில் ஓடும் ஒரு மின்னூட்டி. முதல் வாரம் வெளிக் கம்பியில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் அலுமினியத் தாளை மடித்து, உள்ளே வேர்க்கடலை வெண்ணெய் தடவித் தொங்கவிடுங்கள். மான் மூக்கை நீட்டி வந்து முகரும், ஈரமான மூக்கில் ஒரு அதிர்ச்சி, அவ்வளவுதான். அதற்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அந்தக் கம்பி எங்கே இருக்கிறது என்பதை மறக்காது. ஜூலை கடைசியில், கதிர் நூல் விட்டதும், ரக்கூனுக்காக உள் வரிசையில் 6 அங்குல உயரத்தில் இன்னொரு கம்பி சேருங்கள். வாரம் ஒருமுறை கம்பிக்குக் கீழே புல்லை வெட்டியாக வேண்டும், ஈரப்புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் அத்தனையும் தரைக்குப் போய்விடும். எனக்கு ஒரு வருஷம் பத்து நாள் ஊரில் இல்லாததால் போனது இப்படித்தான், கம்பி அப்படியே இருந்தது, அதில் ஓட்டம் இல்லை.

வேலி போடும் முன்பே ஓரிரு இடத்தில் கடித்துவிட்டால் பதறாதீர்கள். ஆறு இலை விரியும் வரை மக்காச்சோளத்தின் வளர்முனை மண்ணுக்குக் கீழேதான் இருக்கும். சந்தேகமாக இருந்தால் கடிபட்ட செடி ஒன்றைப் பிடுங்கிக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள், அடியில் வேருக்குச் சற்று மேலே வெள்ளையாக ஒரு கூம்பு தெரியும். அது கெட்டியாக, வெளுப்பாக இருந்தால் மற்றச் செடிகள் பிழைத்துக்கொள்ளும். பழுப்பாக, கொழகொழவென்று இருந்தால் மறுபடி விதையுங்கள்.

மிச்சிகனில் இன்னொரு ஆள் உண்டு, சாண்ட்ஹில் கொக்கு. முளை ஒரு அங்குலம் வந்ததும் ஜோடியாக நடந்து வரும், ஒரே வரிசையைப் பிடித்து ஒன்பது அங்குலத்துக்கு ஒரு குழியாகக் குத்தி அடியில் இருக்கும் விதையை மட்டும் எடுத்துக்கொண்டு போகும், முளை அப்படியே வாடிக் கிடக்கும். மின்கம்பிக்கு அது அஞ்சாது, சட்டம் காப்பாற்றும் பறவை, அனுமதி இல்லாமல் கொல்ல முடியாது, விரட்டத்தான் முடியும். அதற்கு ஆபத்தில்லாமல், வாய்க்குப் பிடிக்காதபடி விதைமேல் பூசும் ஆந்த்ராகுவினோன் மருந்து ஒன்று விற்கிறது, ஈரநிலம் பக்கத்தில் இருந்தால் விதை கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

வேலியை எப்போது எடுப்பது என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து. துப்பாக்கி வேட்டை நவம்பர் 15இல் தொடங்குகிறது என்பதால் பலர் அதற்கு முன்பே எடுத்துவிடுவார்கள். உங்கள் நோக்கம் குளிர்காலத் தீனி, அதனால் நான் சொல்வது இது: நவம்பர் கடைசியில் ஒரு பக்கம் மட்டும், காட்டைப் பார்த்த பக்கம் மட்டும், கம்பியைக் கழற்றுங்கள். முதல் நாலைந்து நாள் மான் வராது, கம்பி இல்லை என்று நம்பாது. அப்புறம் ஒன்று இரண்டாக வரும், கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், கடும் பனி வருவதற்குள் வயிறும் பழகிவிடும். ஜனவரியில் மூன்று பக்கத்தையும் எடுத்துவிடலாம்.

போன ஜனவரியில் ஒரு காலை, பூஜ்யத்துக்குக் கீழே நாலு டிகிரி பாரன்ஹீட், சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் மான், பக்கத்தில் போன வசந்தத்துக் குட்டி. தாய் கதிரின் உறையைப் பல்லால் பிடித்துக் கழுத்தைத் திருப்பி இழுத்தது, உறை காய்ந்த காகிதம்போலக் கிழிந்தது, மஞ்சள் மணி தெரிந்தது. அது மென்றபோது கீழே சிந்திய மணிகளைக் குட்டி பனியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியது, மூக்கு முழுக்க வெள்ளையாக. அரை மணி நேரம் அப்படியே நின்றேன்.

ஒரே இடத்தில் வருஷா வருஷம் சோளமே போடாதீர்கள், பூச்சியும் சேரும், தழைச்சத்தும் தீரும். மார்ச்சில், இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்களில், நிற்கும் மொட்டைத் தட்டைக்கு நடுவிலேயே சிவப்பு குளோவர் விதையைத் தூவிவிடுங்கள், 25 சென்டுக்கு மூன்று பவுண்டு போதும். மண் வெடித்து மூடும்போது விதை தானே உள்ளே போய்விடும், உழ வேண்டியதில்லை. அடுத்த கோடை மான்களுக்குப் புரதம் அதில் இருக்கும், அதற்கடுத்த வருஷம் அதைப் புரட்டிவிட்டு மறுபடி சோளம் போட்டால் யூரியா பாதி போதும். கம்பியையும் மின்னூட்டியையும் அதுவரை எலி கடிக்காத இடமாகப் பார்த்துச் சுருட்டி வையுங்கள்.